பட்டதாரி ஊழியர்களுக்குத் தொழிற்சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.டி. நிறுவனங்கள், வங்கிகள், மருந்து கம்பெனிகள், கல்லூரிகள் என்று பட்டப்படிப்பை வைத்து வேலை பார்ப்பவர்கள் சங்கத்தைப் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவற்றைக் கேட்பவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டு நிலவரத்தை, அதிலும் ஐ.டி. துறையை, மனதில் வைத்து எழுதப்பட்டவை.

முதலில் ஒரு தகவல். 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டம் ஆகியவற்றின் இடத்தில் இப்போது இருப்பது தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2020. கீழே 'பழைய சட்டம்', 'புதிய தொகுப்பு' என்று சொல்வது இவற்றைத்தான்.

நான் பி.இ. முடிச்சவன். சங்கம் எல்லாம் ஆலையில வேலை செய்யறவங்களுக்குத்தானே?

இல்லை. சட்டம் எந்த இடத்திலும் படிப்பைக் கேட்பதில்லை. தொழிற்சங்கம் அமைப்பதைப் பொறுத்தவரை, ஒரு தொழிலிலோ வணிகத்திலோ வேலைக்கு அமர்த்தப்பட்ட எல்லோரும் தொழிலாளர்தான். பழைய சட்டமும் அப்படித்தான் சொன்னது, புதிய தொகுப்பில் சங்கங்களுக்கான அத்தியாயமும் அப்படித்தான் சொல்கிறது. வங்கி அதிகாரிகளின் சங்கங்கள் பல பத்தாண்டுகளாக இயங்குவது இந்த அடிப்படையில்தான். மேலாளர் பதவியில் இருப்பவர்களும் அவற்றில் உறுப்பினர்கள்.

சங்கத்தில் சேரும் உரிமை வேறு, வேலை போனால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை வேறு. முதலாவது எல்லோருக்கும் உண்டு. இரண்டாவதற்கு நீங்கள் செய்யும் வேலையின் தன்மையைப் பார்ப்பார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன. ஐந்தாவது கேள்வியில் விரிவாகப் பார்க்கலாம்.

ஐ.டி. கம்பெனியில சங்கம் வைக்க அனுமதி இல்லைன்னு ஹெச்.ஆர். சொல்றாங்களே?

தவறு. அரசியல் சட்டத்தின் 19(1)(சி) பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையை அடிப்படை உரிமையாகவே தருகிறது. ஐ.டி. நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. 2014 டிசம்பரிலும் அடுத்த மாதங்களிலும் டி.சி.எஸ். நிறுவனத்தில் நடந்த வேலைநீக்கங்களை ஒட்டி எழுந்த போராட்டங்களும் உயர்நீதிமன்ற வழக்கும்தான் அந்த விளக்கத்துக்கு வழி திறந்தன.

இன்று தமிழ்நாட்டில் ஃபைட், யுனைட் போன்ற அமைப்புகள் ஐ.டி. ஊழியர்களுக்காகவே இயங்குகின்றன. கர்நாடகத்தில் கிட்டு, புனேயில் நைட்ஸ்.

மாசாமாசம் சந்தா கட்டி எனக்கு என்ன கிடைக்கும்? இன்க்ரிமென்ட் வாங்கித் தருவாங்களா?

ஐ.டி. துறையில் இன்றைய நிலையில் வாங்கித் தர முடியாது. சம்பளப் பேரம் பேசும் அளவுக்கு உறுப்பினர் பலம் இன்னும் வரவில்லை. பலம் இருக்கும் துறையில் என்ன நடக்கிறது என்பதற்கு வங்கிகளைப் பாருங்கள். 2024 மார்ச் 8 அன்று இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர், அதிகாரிகள் சங்கங்களும் கையெழுத்திட்ட ஊதிய உடன்பாட்டில் 17 சதவீத உயர்வு கிடைத்தது, அதுவும் 2022 நவம்பர் முதல் முன்தேதியிட்டு. எந்தத் தனி அதிகாரியும் தன் அப்ரைசலில் பேசி இதை வாங்கவில்லை.

மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் கதை இன்னும் முக்கியமானது. பெரும்பாலும் அறிவியல் பட்டதாரிகள். இவர்கள் 'தொழிலாளர்' அல்லர் என்று 1961-இல் மே அண்ட் பேக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கமாகத் திரண்டு தொடர்ந்து அழுத்தம் கொடுத்ததில், 1976-இல் அவர்களுக்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பத்திரிகையாளர்களுக்கு அதே போன்ற சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. புதிய தொகுப்பு இந்த இரு பிரிவினரையும் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள்ளேயே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

இப்போதைக்கு ஐ.டி. ஊழியருக்குச் சங்கத்தால் கிடைப்பது வேலைநீக்க நேரத்தில் உடன் நிற்கும் அனுபவசாலிகள், மனு எழுதத் தெரிந்தவர்கள், லேபர் ஆபீஸில் உங்களுக்காகப் பேச உரிமை பெற்ற பிரதிநிதி. சமரசப் பேச்சுவார்த்தையில் வக்கீல் வர முடியாது, சட்டமே தடுக்கிறது. சங்க நிர்வாகி வரலாம். சந்தாவின் மதிப்பு அந்த மேசையில்தான் தெரியும்.

சேர்ந்தா கம்பெனிக்குத் தெரிஞ்சுடுமா?

நீங்களோ சங்கமோ சொன்னால்தான் தெரியும். உறுப்பினர் பட்டியலை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னால் மட்டும் தெரியும், அதற்கும் உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். ஐ.டி. சங்கங்களில் பெரும்பாலும் நேரடியாகத்தான் கட்டுகிறார்கள்.

அலுவலக மெயில், அலுவலக லேப்டாப், நிறுவனத்தின் சாட் செயலி மூன்றையும் சங்க விஷயத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அவை நிறுவனத்தின் கண்காணிப்பில் இருப்பவை. அலுவலக முகவரியிலிருந்து சங்கத்துக்கு அனுப்பிய ஒரு மெயிலே பின்னால் 'நிறுவன வளத்தைத் தவறாகப் பயன்படுத்தினார்' என்ற குற்றச்சாட்டாக மாறலாம்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும்: வேலைக்கு ஆபத்து வந்த பிறகு சேரலாம் என்று காத்திருக்காதீர்கள். வேலைநீக்கக் கடிதம் கையில் வந்தபின் சேர வருபவரையும் சங்கங்கள் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் அதற்குள் எடுத்து வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் கைநழுவிப் போயிருக்கும்.

என் விசிட்டிங் கார்டுல 'மேனேஜர்'னு போட்டிருக்கு. எனக்கு லேபர் கோர்ட் போக முடியாதாமே?

பதவிப் பெயர் எதையும் தீர்மானிக்காது. நாள் முழுக்க முதன்மையாக என்ன வேலை செய்கிறீர்கள் என்பதே அளவுகோல். 1985-இல் சீபா கெய்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்தது. ஒருவர் பலவிதமான வேலைகள் செய்தால் அவருடைய அடிப்படையான வேலை எது என்று பார்க்க வேண்டும். இடையிடையே செய்யும் கூடுதல் வேலைகளோ பதவியின் பெயரோ அவருடைய தகுதியை மாற்றாது.

சட்டம் பட்டியலிடும் வேலைகளில் தொழில்நுட்ப வேலையும் உண்டு. கோடிங், டெஸ்டிங், சப்போர்ட், டிசைன் இதன்கீழ் வரும். விலக்கப்படுபவர்கள் நிர்வாக, மேலாண்மை அதிகாரம் உள்ளவர்கள். உங்களையே கேட்டுப் பாருங்கள். நான் யாரையாவது வேலைக்கு எடுக்க, நீக்க முடியுமா? விடுப்பை இறுதியாக அனுமதிப்பது நானா, இல்லை சிஸ்டத்தில் பரிந்துரை மட்டும் செய்கிறேனா? அப்ரைசலில் என் மதிப்பெண்ணே இறுதியா, மேலே மாற்றுகிறார்களா? செலவுக்குக் கையெழுத்திடும் அதிகாரம் உண்டா? நான்கு பேர் கொண்ட டீமுக்கு 'லீட்' என்று பெயர், ஆனால் நாளில் ஆறு மணி நேரம் கோடு எழுதுகிறார் என்றால் அவரைத் தொழிலாளர் என்று நிறுவ நல்ல வாய்ப்பு உண்டு.

நிறுவுவது உங்கள் பொறுப்பு. நிறுவனம் முதல் நாளே 'இவர் மேலாளர்' என்று மறுக்கும். டி.சி.எஸ். சென்னை அலுவலகத்தில் 2015-இல் நீக்கப்பட்ட ஒரு பொறியாளரின் வழக்கிலும் இதுதான் வாதம். அவர் மேலாளர் அல்லர், தொழிலாளரே என்று ஏற்று 2022-இல் சென்னை தொழிலாளர் நீதிமன்றம் அவரை மீண்டும் வேலைக்கு எடுக்க உத்தரவிட்டது. ஏழு ஆண்டு ஆனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாசம் ஒன்றரை லட்சம் வாங்கறேன். இவ்வளவு சம்பளம் வாங்கறவன் தொழிலாளியா?

தொழில்நுட்ப வேலைக்குச் சம்பள உச்சவரம்பு கிடையாது. உச்சவரம்பு மேற்பார்வை வேலைக்கு மட்டும்தான்: பழைய சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய், புதிய தொகுப்பில் 18,000. பலரும் இந்தத் தொகையைப் படித்துவிட்டுத் தங்களுக்கு உரிமையே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உங்கள் முதன்மை வேலை மேற்பார்வை என்று முடிவானால்தான் அந்த வரம்புக்கே வேலை. அதனால்தான் முந்தைய பதிலில் சொன்ன அன்றாட வேலைச் சான்றுகள் இவ்வளவு முக்கியம்.

ஹெச்.ஆர். ரூமுக்குள்ள கூப்பிட்டு 'இப்பவே ரிசைன் பண்ணு'ன்னு சொல்றாங்க. என்ன பண்றது?

கையெழுத்திடாதீர்கள். போர்ட்டலில் ராஜினாமா பட்டனையும் அழுத்தாதீர்கள். ராஜினாமா செய்தால் அது ஆட்குறைப்பு ஆகாது, இழப்பீடு இல்லை, 'நானாகவே போனேன்' என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். நிறுவனங்கள் ராஜினாமாவை வற்புறுத்துவதற்குக் காரணமே இதுதான். வழக்கமாகச் சொல்லும் மிரட்டல், 'ரிசைன் பண்ணினா நல்ல ரிலீவிங் லெட்டர், இல்லேன்னா டெர்மினேஷன், அடுத்த வேலையே கிடைக்காது' என்பது. அறையில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். களைத்துப்போய்த்தான் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

அங்கே சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "நீங்கள் சொல்வதை எழுத்தில் கொடுங்கள், யோசித்துப் பதில் தருகிறேன்." வாக்குவாதம் வேண்டாம். வெளியே வந்ததும் அன்றைக்கே ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். இன்ன தேதி, இன்ன நேரம், இன்னின்னார் இருந்தார்கள், ராஜினாமா செய்யச் சொன்னார்கள், எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். ஐந்து வரி போதும். கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும்.

அடையாள அட்டையையும் லாகினையும் முடக்குவது அடுத்த கட்டம். முடக்கியிருந்தால் மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் வாசலுக்குப் போய், உள்ளே விடவில்லை என்பதை அங்கிருந்தே சொந்த மெயிலில் எழுதுங்கள். இல்லையென்றால் 'வேலைக்கு வரவில்லை' என்று கணக்கு எழுதிவிடுவார்கள்.

கையெழுத்துப் போட்டுட்டேன். இனி ஒண்ணும் செய்ய முடியாதா?

கடினம், ஆனால் கதவு முழுதாக மூடிவிடவில்லை. மிரட்டி வாங்கிய ராஜினாமா உண்மையில் வேலைநீக்கம்தான் என்று வாதாடலாம். அதற்கு நேரம்தான் எதிரி. ஓரிரு நாளுக்குள், நிறுவனம் ஏற்பதற்கு முன், 'வற்புறுத்தலால் கொடுத்தேன், திரும்பப் பெறுகிறேன்' என்று எழுத்தில் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து, செட்டில்மென்ட் பணத்தையும் வாங்கிய பிறகு சொன்னால் எந்த அலுவலரும் நம்பத் தயங்குவார்.

என்னென்ன பேப்பர் எடுத்து வைக்கணும்?

ஆஃபர் லெட்டர், பணி நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், குறைந்தது கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16, எல்லா ஆண்டு அப்ரைசல் மதிப்பீடுகளும், பாராட்டு மெயில்கள், உங்கள் பொறுப்புகளை விவரிக்கும் ஆவணம். விடுப்பு அனுமதி மேலே ஒருவரிடம் போவதைக் காட்டும் திரையின் படமும் உதவும். ஐந்தாவது கேள்வியில் சொன்ன 'மேலாளர்' வாதத்தை உடைப்பது இப்படிப்பட்ட சின்ன ஆதாரங்கள்தான்.

இவற்றை வேலை நன்றாகப் போகும்போதே எடுத்து வையுங்கள். எல்லை ஒன்று உண்டு. சோர்ஸ் கோடு, வாடிக்கையாளர் தகவல், ப்ராஜெக்ட் ஆவணம் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பக் கூடாது. நியாயமான வழக்கு கையில் இருந்தவர்களும் இதைச் செய்து ரகசிய மீறல் குற்றச்சாட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். உங்களைப் பற்றிய ஆவணம் மட்டும் போதும்.

பி.ஐ.பி.ல போட்டிருக்காங்க. கையெழுத்துப் போடலாமா?

பி.ஐ.பி. என்பது 'உங்கள் வேலைத்திறன் போதவில்லை, இந்தக் காலத்துக்குள் மேம்படுத்துங்கள்' என்று நிறுவனம் போடும் திட்டம். அதில் 'பெற்றுக்கொண்டேன், மதிப்பீட்டை ஏற்கவில்லை' என்று எழுதிப் போடுங்கள். மறுத்தால் ஒழுங்கீனம் என்பார்கள், அப்படியே போட்டால் திறமைக் குறைவை ஒப்புக்கொண்டதாகிவிடும். இலக்குகள் எண்ணால் அளக்கக்கூடியவையா, காலக்கெடு என்ன, யார் மதிப்பிடுவார் என்று எழுத்தில் கேளுங்கள். வாரம் ஒருமுறை என்ன முடித்தேன் என்று மெயில் அனுப்பிக்கொண்டே இருங்கள். சென்ற ஆண்டு நல்ல மதிப்பெண், இந்த ஆண்டு திடீரென்று பி.ஐ.பி. என்றால் அந்த முரண்பாடே உங்கள் பக்கச் சான்று.

லே-ஆஃப்னா சட்டப்படி எவ்வளவு பணம் வரணும்?

பேச்சில் லே-ஆஃப் என்பது சட்டத்தில் ஆட்குறைப்பு. கடைசி 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகும். இதில் 15 நாள் என்றால் அரை மாதம். 26-ஆல் வகுக்கும் முறை கிராஜுவிட்டிக்கு மட்டுமே என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மாதம் 1,10,000 வாங்குபவருக்குச் சட்டப்படி 'ஊதியம்' 60,000 என்று வைத்துக்கொள்வோம், பணிக்காலம் 7 ஆண்டு 8 மாதம். இழப்பீடு 30,000 பெருக்கல் 8, அதாவது 2,40,000. நோட்டீஸ் சம்பளம் 60,000. கிராஜுவிட்டி 60,000 பெருக்கல் 15 வகுத்தல் 26 பெருக்கல் 8, ஏறத்தாழ 2,76,900. புதிய தொகுப்பின்படி மறுதிறன் நிதியாக (வேலை இழந்தவர் புதுத் திறன் கற்க உதவும் தொகை) இன்னொரு 15 நாள் ஊதியம், அதாவது 30,000, வேலைநீக்கம் நடந்த 45 நாளுக்குள் உங்கள் கணக்கில் சேர வேண்டும். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்றிருந்தால் அதைக் கேளுங்கள். படிகள் என்ற பெயரில் சம்பளத்தைப் பிரித்துக் காட்டினாலும், மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்ட படிகளை ஊதியமாகவே கணக்கிட வேண்டும் என்பது புதிய விதி. சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்பதும் விதி. மீறினால் நிறுவனம் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஐ.டி. துறையில் நடப்பது நேர்மாறு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். அறிவித்த சுமார் 12,000 பேர் குறைப்பும் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலை ஊழியர்களைக் குறித்தே இருந்தது. நிறுவனம் உங்களிடம் 'ராஜினாமா' கேட்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

நூறு பேருக்கு மேல இருந்தா அரசு அனுமதி இல்லாம வேலையை விட்டு எடுக்க முடியாதுன்னு படிச்சேனே?

அது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் மூன்றுக்கு மட்டும். மென்பொருள் அலுவலகம் அதில் வராது. புதிய தொகுப்பில் அந்த நூறும் முந்நூறாகிவிட்டது. முகநூலில் இதைப் பகிர்ந்து நம்பிக்கை கொடுப்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் இதை நம்பி மற்ற வழிகளைக் கோட்டைவிட்டவர்கள் நிறைய.

லேபர் ஆபீஸ்ல மனு கொடுத்தா என்ன நடக்கும்?

மனு சமரச அலுவலரிடம் போகும். தனியார் ஐ.டி. நிறுவனம் என்றால் மாநில அரசின் தொழிலாளர் துறை, வங்கி, காப்பீடு என்றால் மத்திய அரசின் அலுவலகம். எந்த அலுவலர் என்பது வேலையிடத்தைப் பொறுத்தது. சிறுசேரி சிப்காட்டில் வேலை செய்பவர் தன் இடம் சென்னை மாவட்டம் அல்ல, செங்கல்பட்டு என்பதை மறந்துவிட்டு மனு கொடுத்தால் சில வாரங்கள் வீணாகும். கட்டணம் கிடையாது. தனி ஒருவரின் வேலைநீக்கத்தைச் சங்கம் இல்லாமலே எழுப்பலாம், இதைத்தான் பழைய சட்டத்தில் '2ஏ மனு' என்பார்கள்.

அலுவலர் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார். அவர் தீர்ப்பு சொல்பவர் அல்லர். நிறுவனம் வாய்தா வாங்கிக்கொண்டே போகலாம். மனு கொடுத்து 45 நாள் ஆகியும் முடியவில்லை என்றால் நீங்களே நேரடியாகத் தொழில் தீர்ப்பாயத்துக்கு (புதிய தொகுப்பில் தொழிலாளர் நீதிமன்றத்தின் இடத்தில் வருவது) போகலாம், அரசு அனுப்பி வைக்கக் காத்திருக்க வேண்டாம். காலவரம்பு பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு, புதிய தொகுப்பில் இரண்டு. வேலை போன தேதி எதுவானாலும் இரண்டு ஆண்டைத் தாண்டவிடாதீர்கள்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவில் இன்னொரு வழியும் உண்டு. ஆறு மாதம் வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதற்கு 30 நாள்தான். எந்த வழி என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

ஃபுல் அண்ட் ஃபைனல் பணத்தை மூணு மாசமா தரலை. இதுக்கும் சங்கம் வேணுமா?

வேண்டியதில்லை. ராஜினாமாவோ நீக்கமோ, இரண்டு வேலை நாளுக்குள் ஊதியப் பாக்கியைத் தர வேண்டும் என்று புதிய ஊதியச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டு மெயில் அனுப்பினாலே பல இடங்களில் பணம் வந்துவிடும். வராவிட்டால் லேபர் ஆபீஸ்.

சங்கத்துல இருக்கேங்கிறதுக்காகவே தூக்கிட்டா?

அது சட்டம் தடைசெய்த முறையற்ற தொழிலாளர் நடைமுறை. சங்கத்தில் சேராதே என்று மிரட்டுவது, சேர்ந்தவரைப் பழிவாங்க இடம் மாற்றுவது, நீக்குவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் எந்த நிறுவனமும் 'சங்கத்துக்காக நீக்கினேன்' என்று எழுதாது, பி.ஐ.பி. என்றோ ப்ராஜெக்ட் இல்லை என்றோ எழுதும். தேதிகள்தான் உண்மையைக் காட்டும். சங்க நிர்வாகி என்று கடிதம் போன பத்தாவது நாளில் முதல் எச்சரிக்கை வந்தால், அந்த வரிசையே சான்று.

பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகிகளில் ஒரு பகுதியினரைப் 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்' என்று அறிவிக்கக் கோரலாம். மொத்தத் தொழிலாளரில் ஒரு சதவீதம், குறைந்தது 5, அதிகம் 100 பேர். தகராறு நிலுவையில் இருக்கும்போது இவர்களை முன் அனுமதி இல்லாமல் நீக்க முடியாது. பட்டியலை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும், மறந்தால் பாதுகாப்பு போய்விடும்.

எங்க கம்பெனியிலேயே தனியா ஒரு சங்கம் பதிவு பண்ணணும். ஏழு பேர் போதுமா?

விண்ணப்பத்தில் கையெழுத்திட ஏழு பேர் போதும். ஆனால் அந்த நிறுவனத்திலோ தொழிலிலோ உள்ளவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அவ்வளவு உறுப்பினர் இருக்க வேண்டும். 5,000 பேர் கொண்ட நிறுவனத்துக்கு 100 போதும். பொதுக்குழு கூட்டி, விதிமுறைகளை ஏற்று, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, தீர்மான நகலுடன் தொழிற்சங்கப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வெளியாள் நிர்வாகிகள் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதற்கு மேல் கூடாது.

ஏழு பேரோடு நிறுத்தாதீர்கள். விண்ணப்பித்த பிறகு கையெழுத்திட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விலகினால் விண்ணப்பமே செல்லாமல் போகலாம். ஏழில் நான்கு பேரை மனம் மாற்ற நிர்வாகத்துக்கு ஒரு வாரம் போதும், இருபத்தைந்து பேரில் பதின்மூன்று பேரை மாற்றுவது கடினம். பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் சங்கத்தின் பெயரில் நிறுவனப் பெயர் இருப்பதையே நிர்வாகம் எதிர்த்தது. 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தும் பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. பதிவு கிடைத்த பின் ஆண்டுக் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்பாமல் விட்டுப் பதிவை இழந்த சங்கங்களும் உண்டு, எனவே பொருளாளராகக் கணக்கில் கண்டிப்பானவரைத் தேர்ந்தெடுங்கள்.

பதிவு ஆயிடுச்சு. ஆனா நிர்வாகம் பேசவே மாட்டேங்குது.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பழைய சட்டத்தில் சங்கத்தை அங்கீகரித்தே ஆக வேண்டும் என்ற விதி தமிழ்நாட்டில் இல்லை. புதிய தொகுப்பில் ஒரே சங்கம் இருந்தால் அதுவே பேசும் சங்கம், பல இருந்தால் 51 சதவீத ஆதரவு பெற்றது, யாருக்கும் 51 இல்லையென்றால் குறைந்தது 20 சதவீத ஆதரவு உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்தில் குறைதீர்க் குழு கட்டாயம். இரு தரப்பும் சம எண்ணிக்கை, மொத்தம் அதிகபட்சம் பத்து பேர். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் மனு, 30 நாளில் முடிவு. அந்த முடிவு பிடிக்கவில்லையென்றால் 60 நாளுக்குள் சமரச அலுவலரிடம் போகலாம், அதுவும் நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கத்தின் வழியாக. உறுப்பினர் அட்டை இல்லாதவருக்கு இந்தப் படி இடறும். உங்கள் அலுவலகத்தில் அந்தக் குழு இருக்கிறதா என்று எழுதிக் கேட்பதையே சங்கத்தின் முதல் கடிதமாக வைத்துக்கொள்ளலாம்.

நாங்க ஸ்டிரைக் பண்ணலாமா? எல்லாரும் ஒரே நாள் லீவு போட்டா?

புதிய தொகுப்பின்படி எல்லா நிறுவனங்களிலும் 14 நாள் முன் நோட்டீஸ் வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போது செய்தால் சட்டவிரோதம். பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒன்றாகத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே, ஆகவே லீவு போடும் யோசனை பலிக்காது. சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை, வேலைநிறுத்தம் அப்படியல்ல என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. எங்கள் கருத்தில், உறுப்பினர் பலம் பத்து சதவீதம்கூட இல்லாத அலுவலகத்தில் வேலைநிறுத்தம் பற்றிப் பேசுவதே தவறு. முன்னால் நிற்கும் இருபது பேர் பலியாவார்கள்.

நான் கல்லூரி ஆசிரியர். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பாதி பொருந்தும். கல்வி நிறுவனம் 'தொழில்' என்பதற்குள் வரும், ஆனால் ஆசிரியர் 'தொழிலாளர்' அல்லர் என்று 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே கல்லூரியின் ஆய்வக உதவியாளருக்குத் தொழிலாளர் நீதிமன்றம் திறந்திருக்கும், அங்கே பாடம் சொல்லும் பேராசிரியருக்கு இல்லை. பேராசிரியருக்கு 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் உயர்நீதிமன்றமும்தான். சங்கமாகத் திரள்வதற்குத் தடையில்லை. மூட்டா, ஏ.யு.டி. போன்ற அமைப்புகள் நீண்ட காலமாக இயங்கி வருகின்றன.

அரசு ஊழியர், அரசு மருத்துவர், அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் நடத்தை விதிகள் குறுக்கே நிற்கும். 2003-இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர்களைத் தமிழ்நாடு அரசு லட்சக்கணக்கில் ஒரே வீச்சில் நீக்கியது. அந்த வழக்கில்தான் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

பாண்ட் போட்டு வேலைக்கு எடுத்திருக்காங்க. சங்கம் அதை ரத்து பண்ண வைக்குமா?

எல்லா பாண்டும் செல்லாது என்று சொல்வதை நம்பாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் நிறுவனம் கேட்கும் தொகை உண்மையான பயிற்சிச் செலவைவிட மிக அதிகம் என்றால் சங்கம் கணக்குக் கேட்டு எழுதலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருந்தால் அதை முதலில் திருப்பி வாங்கிக்கொண்டு மற்றதைப் பேசுங்கள்.

சங்கம்னா கட்சிதானே? எனக்கு அரசியல் வேண்டாம்.

சில சங்கங்கள் மத்திய தொழிற்சங்கங்களோடு இணைந்தவை. கர்நாடகத்தின் கிட்டு, சி.ஐ.டி.யு.வோடு இணைந்தது. சில எதிலும் இணையாதவை. இணைந்த சங்கத்துக்கு வக்கீல்கள், அலுவலகம், பல்லாண்டு அனுபவம் இருக்கும். இணையாததில் முடிவெடுப்பது எளிதாக இருக்கலாம். எதில் சேர்ந்தாலும் கட்சி உறுப்பினர் ஆக வேண்டியதில்லை. அரசியல் செலவுக்குச் சங்கம் தனி நிதி வைக்கலாம், ஆனால் அதற்குப் பணம் தரும்படி உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: பதிவு எண் என்ன, கடைசி ஆண்டுக் கணக்கு எங்கே, நிர்வாகிகள் தேர்தல் எப்போது நடந்தது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. காட்டத் தயங்கும் சங்கத்தில் சேராதீர்கள்.

நான் வேற கம்பெனி பேரோல்ல இருக்கேன், வேலை பார்க்கறது க்ளையன்ட் ஆபீஸ்ல. யார் மேல மனு?

சம்பளச் சீட்டில் பெயர் உள்ள நிறுவனத்தின் மேல்தான் முதன்மையாக. ஆனால் வேலை வாங்கியது, விடுப்பு கொடுத்தது, வரவேண்டாம் என்று சொன்னது எல்லாம் க்ளையன்ட் என்றால் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். பின்னால் சேர்ப்பது சிரமம். க்ளையன்ட் மேலாளர் உங்களுக்கு நேரடியாக வேலை ஒதுக்கிய மெயில்களைத் தேதி வரிசையில் எடுத்துக்காட்ட முடிந்தால் சமரச அலுவலர் இருவருக்கும் நோட்டீஸ் அனுப்ப வாய்ப்பு அதிகம். சங்கம் ஒரே நிறுவனத்துக்கு உரியதாக இல்லாமல் துறைவாரியாக இருந்தால், பேரோல் எங்கே இருந்தாலும் நீங்கள் அதில் உறுப்பினராகலாம்.